கரடியின் விரதமும் அணிலின் கண்ணும்

கொடிமலைக் காட்டில் தேன் மரங்கள் எல்லாம் ஒரே ஒரு கரடியாரிடம் இருந்தன. அவர் பெயர் கரியமுத்து. பன்னிரண்டு அணில்கள் அவரிடம் வேலை பார்த்தன. அணில்கள் மரத்தில் ஏறித் தேனடையை அறுத்துக் கீழே இறக்கும். கரடியார் அதைப் பிழிந்து காடு முழுவதும் விற்பார். அணில்களுக்குக் கூலியும் தேன்தான்.

கரடியார் கெட்டவர் இல்லை. கூலியைக் குறைக்க மாட்டார். அதட்டிப் பேச மாட்டார். ஆனால் பக்தி என்று வந்துவிட்டால் பிடித்த பிடியை விட மாட்டார்.

ஓடைக்கரையில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. அதுதான் அவருக்குச் சாமி. தினமும் காலையில் ஓடையில் முழுகிவிட்டு அதை மூன்று முறை சுற்றி வருவார். ஒரு கை தேன் ஊற்றிக் கும்பிடுவார். எந்தப் புற்றையும் உடைப்பதில்லை, புற்றுமண்ணைத் தொடுவதில்லை, கறையானைத் தின்பதில்லை என்று விரதம். கரடி கறையானைத் தின்னாமல் இருப்பது என்றால் சும்மாவா? நாக்கில் எச்சில் ஊற ஊற இருந்தார் மனிதர். மன்னிக்கவும், இருந்தார் கரடியார்!

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு ஆள் வைப்பவர், அந்த வேலையில் வரும் காயத்துக்கு மருந்தும் வைத்திருக்க வேண்டும். தேனீ கொட்டினால் அங்கே மருந்து புற்றுமண்தான். கீரி வைத்தியர் அதைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு தேன் மரத்தின் அடியிலும் ஒரு சுரைக்குடுக்கை நிறைய அந்த மருந்து தொங்க வேண்டும்.

கரடியார் காட்டுச் சபைக்குப் போனார். சபைக்குத் தலைவி கொம்பாயி என்னும் காட்டெருமை.

"தலைவியம்மா, இந்தச் சட்டம் எனக்கு ஆகாது! என் சாமியை உடைச்சு மருந்து பண்ணி, அதை என் மரத்திலேயே தொங்கவிடச் சொன்னா எப்படி?" என்றார்.

கொம்பாயி யோசித்தாள். இவ்வளவு பக்தியுள்ளவர் மனத்தை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி, உங்களுக்கு மட்டும் விலக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அணில்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

கரடியாரின் மரங்களில் குடுக்கை தொங்கவில்லை. அதனால் அவருக்கு என்ன நஷ்டம்? அவர் மரமேறியே பல வருஷம் ஆகியிருந்தது. ஏறினாலும் உடம்பு முழுக்க அடர்ந்த மயிர். தேனீ கொட்டினால் தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டுப் போவார். அணில் தோல் அப்படியா?

செம்பி என்று ஓர் அணில் இருந்தாள். அடை அறுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கூட்டில் அவளுக்கு மூன்று குஞ்சுகள். ஒரு நாள் உச்சிக்கிளையில் அடை அறுக்கும்போது தேனீக்கள் சூழ்ந்துகொண்டன. இடது கண்ணுக்குப் பக்கத்திலேயே நாலு கொட்டு!

"ஐயோ! கண்ணு தெரியலையே!" என்று அலறியபடி செம்பி கீழே இறங்கினாள். மரத்தடியில் தடவிப் பார்த்தாள். மருந்து இல்லை.

கூட வேலை பார்த்த மருதி என்ற அணில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடைக்கு அந்தப்புறம் இருந்த கீரி வைத்தியரிடம் போனாள். போய்ச் சேரவே அரை நாள் ஆனது. அதற்குள் கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது.

"கொட்டின உடனே பூசியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது" என்றார் வைத்தியர். "இப்போ பூசிக் கட்டியிருக்கேன். ஏழு நாள் போகட்டும். கண்ணு பிழைச்சுதா இல்லையான்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

"ஒத்தைக் கண்ணு போச்சுன்னா கிளைக்குக் கிளை எப்படித் தாவுவேன்? என் பிள்ளைங்களுக்கு யார் இரை கொண்டுவருவா?" என்று செம்பி அழுதாள்.

மறுநாளிலிருந்து அணில்கள் மரம் ஏற மறுத்துவிட்டன. "மருந்து தொங்கினாத்தான் ஏறுவோம்!" என்று மருதி கரடியாரின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

இந்தச் செய்தி குளக்கரை நரியாரின் காதுக்கு எட்டியது. அவர் குளத்தில் மீன் வியாபாரம் பண்ணுகிறவர். நீர்நாய்கள் அவருக்காக மீன் பிடித்தன. மீன் முள் கிழித்த காயத்துக்கு அவர் கற்றாழை வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவு அவர் வயிற்றை வெகு நாளாக எரித்துக்கொண்டிருந்தது.

'பக்தி இருந்தா விலக்கா? இது தெரியாமப் போச்சே!' என்று நினைத்தார். நெற்றி நிறையச் சாம்பலைப் பூசிக்கொண்டார். ஒரு கற்றாழைச் செடிக்கு மாலை போட்டார். சபைக்கு ஓடினார்.

"தலைவியம்மா! கற்றாழைதான் என் குலசாமி. அதைக் கிள்ளினா என் உயிரையே கிள்ளின மாதிரி. எனக்கும் விலக்கு வேணும்!"

"எத்தனை நாளா குலசாமி?" என்று கேட்டாள் கொம்பாயி.

"அது... ரொம்ப நாளா! முந்தாநாள்லேருந்து!"

கொம்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இன்னொருவர் வருவார். நாளைக்கு மறுநாள் இன்னும் நாலு பேர் வருவார்கள். யார் பக்தி நிஜம், யார் பக்தி வேஷம் என்று நெஞ்சைப் பிளந்தா பார்க்க முடியும்? செம்பிக்கு வைத்தியர் சொன்ன ஏழாம் நாளில் நாவல் மரத்தடியில் எல்லாரும் கூட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

ஏழாம் நாள் காலை செம்பி கண்ணில் இலைக்கட்டுடன் வந்தாள். நரியார் இன்னும் கொஞ்சம் சாம்பலைக் கூட்டிப் பூசிக்கொண்டு வந்தார். கடைசியில் கரடியார் வந்தார். கையில் தேன் சொட்டும் அடை ஒன்று இருந்தது. பூசைக்குத் தேன் எடுக்க ஆள் இல்லாததால், தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து அவரே பிய்த்து எடுத்து நேராகச் சபைக்கு வந்திருந்தார்.

கொம்பாயி கேட்டாள்: "கரடியாரே, கூலியாத் தேன் கொடுக்கிறீங்க. கொடுத்த பிறகு அது யார் தேன்?"

"வாங்கினவங்க தேன்."

"அதை வச்சு அவங்க என்ன வேணாலும் வாங்கலாமா?"

"அது அவங்க இஷ்டம். நான் யார் கேட்க?"

"மருந்தும் வேலைக்குக் கொடுக்கிற கூலியில ஒரு பங்குதான். அவங்க உழைச்சுச் சம்பாதிச்சது. அதை மட்டும் ஏன் உங்க விரதம் தடுக்கணும்?"

கரடியார் தலையைச் சொறிந்தார்.

நரியார் முந்திக்கொண்டார். "பிடிக்காதவங்க வேற இடத்துல வேலைக்குப் போகட்டுமே! யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"எங்கே போறது?" என்றாள் செம்பி. "தேன் மரம் எல்லாம் முதலாளி கையில. குளத்துக்கு வந்தா அங்கே நீங்க சாம்பல் பூசிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

நீர்நாய்கள் கொல்லென்று சிரித்தன.

அந்த நேரத்தில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். அடையைப் பறிகொடுத்த தேனீக்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டன! கரடிக்கு மயிர் இல்லாத இடம் ஒன்று உண்டு. அது மூக்கு. அங்கே ஐந்தாறு கொட்டு விழுந்தது. சொட்டிய தேனை நைசாக நக்கிக்கொண்டிருந்த நரியாரின் மூக்கிலும் இரண்டு விழுந்தது. கரடியார் அடையைத் தூரத்தில் வீசி எறிந்தார். தேனீக்கள் அதன் பின்னால் போய்விட்டன.

"ஐயோ, எரியுதே! மருந்து! புற்றுமண் கொண்டா! கற்றாழையும் கொண்டா! எது கிடைச்சாலும் கொண்டா!" என்று நரியார் குதித்தார். பக்கத்தில் இருந்த கற்றாழையை அவரே வேரோடு பிடுங்கி மூக்கில் தேய்த்துக்கொண்டார்.

"அது உங்க குலசாமி, நரியாரே!" என்றது ஒரு நீர்நாய்.

கீரி வைத்தியர் மருந்துக் குடுக்கையைக் கரடியாரிடம் நீட்டினார். கரடியாரின் மூக்கு பழுத்த அத்திப்பழமாகச் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனாலும் அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். எனக்கு விரதம்."

நரியின் வேஷத்தைப் பார்த்துச் சிரித்த வாய்கள் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

செம்பி மெல்ல அவர் அருகில் போனாள்.

"ரொம்ப வலிக்குதா முதலாளி?"

"உயிர் போகுது செம்பி."

"நீங்க பெரியவங்க. இந்த வலியிலயும் விரதத்தை விடலை. உங்களை வைத்தியர் கேட்டார், வேண்டாம்னு சொன்னீங்க." செம்பி தன் கண்கட்டைத் தொட்டாள். "என்னை யாருமே கேட்கலையே, முதலாளி!"

கரடியார் அவள் கண்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். இது தானாக ஏற்றுக்கொண்ட வலி. அந்தச் சின்ன உடம்பில் ஏறிய வலியும் தன் விரதத்தால் வந்ததுதானே? அதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லையே! அவருக்கு அழுகை வந்தது. இந்த முறை மூக்குக்காக அல்ல.

"தலைவியம்மா, எனக்குக் கொடுத்த விலக்கைத் திரும்ப எடுத்துக்குங்க" என்றார். "மருந்துக்கு ஆகிற தேனை நான் கொடுத்துடறேன். ஆனா என் கையால மட்டும் புற்றுமண்ணைத் தொடச் சொல்லாதீங்க."

"தொட வேண்டாம். வைத்தியரே கொண்டுவந்து தொங்கவிடட்டும்" என்றாள் கொம்பாயி. "உங்க சாமி பக்கம் யாரும் போக மாட்டாங்க. கறையான் விட்டுட்டுப் போன பழைய புற்று காட்டுல எத்தனையோ கிடக்குது. விலக்குக் கொடுத்த அன்னிக்கே நான் இவங்களைக் கேட்டிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு, செம்பி."

கீரி வைத்தியர் செம்பியின் கண்கட்டை அவிழ்த்தார். செம்பி இமையைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"மங்கலா இருக்கு... ஏதோ கறுப்பாத் தெரியுது... நடுவுல சிவப்பா உருண்டையா..."

"அது என் மூக்குதான், தாயே!" என்று கரடியார் கத்தினார். சபை முழுவதும் ஆரவாரம்!

மங்கல் சில நாளில் தெளிந்தது. தேன் மரங்களின் அடியில் குடுக்கைகள் தொங்கின. அணில்கள் ஏறின. குடுக்கை தொங்கும் பக்கம் வந்தால் கரடியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். அணில்கள் அதைக் கேலி செய்வதில்லை. நரியார் சாம்பலைக் குளத்தில் கழுவிவிட்டுக் கற்றாழை வாங்கப் போனார். தினமும் காலையில் கரடியார் புற்றைச் சுற்றும்போது இப்போது நான்காவதாக ஒரு சுற்றும் உண்டு. அது செம்பியின் கண்ணுக்காக.

தன் நம்பிக்கைக்காகத் தானே வலியைத் தாங்குவதுதான் பக்தி, அந்த வலியைத் தன்னிடம் வேலை செய்பவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.