எண்பது சால்வைகள்

தாத்தா அமைச்சர், அப்பா எம்.பி., அதனால் இளஞ்சேரன் எம்.எல்.ஏ. அவர் பிறந்தநாளன்று அலுவலக வாசலில் எண்பது பேர் சால்வையோடு நின்றார்கள். அவர் தட்டச்சர் மரகதவல்லியை அழைத்தார்.

“இதுல எனக்காகவே வந்தவன் யாருன்னு மதியத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

எண்பது பேரின் மனதை எப்படிப் படிப்பது? மரகதவல்லி நேரே, படமெடுக்க வந்திருந்த போட்டோகிராபரிடம் போனாள். “அண்ணே, நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க.”

இளஞ்சேரன் வாசலுக்கு வந்ததும் வரிசையில் முதலில் நின்றவர் சால்வையைப் பிரித்தார், சுற்றிப் பார்த்தார், மறுபடி மடித்துக்கொண்டார். “போட்டோகிராபர் வந்துடட்டும் தலைவரே.” அடுத்தவரும் மடித்தார். கொஞ்ச நேரத்தில் வரிசையே நிழல் தேடி உட்கார்ந்துவிட்டது.

ஒரு முதியவர் மட்டும் முன்னே வந்து சால்வையைப் போர்த்தினார்.

“படம் வேண்டாமா பெரியவரே?” எம்.எல்.ஏ. ஆசையாகக் கேட்டார்.

“எதுக்குங்க? என் பையனுக்கு வேலை வாங்கித் தந்தவர் உங்கப்பா. அவருக்குப் போடறதா நெனச்சுப் போட்டேன்.”

மதியம் இளஞ்சேரன் அறையில் தனியே உட்கார்ந்திருந்தார். மரகதவல்லி உள்ளே வந்தாள்.

“யாருன்னு நீங்களே பாத்துட்டீங்க சார்.”

அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்து வைத்தார். “சரி, நாளைக்கு வேலைக்கு வா” என்றார். பிறகு, “நீயாவது எனக்காக வர்றியா?”

“சம்பளத்துக்குத்தான் சார்.”

இளஞ்சேரன் தலையசைத்தார். “போட்டோகிராபரைக் கூப்பிடு. பாவம், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”