நிலைக்காலில் தேய்ந்த நீலம்

கோத்தகிரிக் கடைவீதியில், மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே திருஞானத்தின் கடை இருந்தது. சின்னக் கடை. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் அதைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு, பூப்போட்ட தகர டப்பா, பித்தளைக் கொக்கி, கண்ணாடிக் குமிழ் வைத்த அலமாரி. எல்லாமே அந்தக் காலத்துச் சாமான் போலிருக்கும். பாதிக்கு மேல் புதுசு. அவர் அதை மறைத்ததில்லை.

"பழசா இருக்கணும்னு இல்லீங்க. பழசாத் தெரியணும். அவ்வளவுதான்" என்பார்.

ஒரு கோப்பை வாங்க வந்தவர்கள் கடைசியில் தங்கள் வீட்டுச் சமையலறையையே அவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். எப்படி அமையும் என்று காட்டுவதற்கு அவர் தன் வீட்டுக்கே அழைத்துப் போவார். கடைக்குப் பின்னால் ஏறும் பாதையில், ஓட்டு வீடு. அவர் மனைவி கோமளா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பாள்.

வந்தவர்கள் அந்தச் சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. சுண்ணாம்புச் சுவர். மூலையில் தகதகவென்று பித்தளை அண்டா. கேஸ் அடுப்பு கண்ணில் படக்கூடாது என்று அதை ஒரு தேக்கு அலமாரிக்குள் தாழ வைத்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் கிடையாது, ஒரு எவர்சில்வர் கிடையாது. கொல்லைப்பக்கக் கதவுக்கு நீலம் அடித்திருந்தது. அதன் நிலைக்காலில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கையகலத்துக்கு நீலம் தேய்ந்து மரம் தெரிந்தது.

எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

"இந்தத் தேய்மானம் எப்படிங்க கொண்டுவந்தீங்க? உப்புத்தாள் போட்டா?"

"அது தானா வந்ததுங்க" என்பார், பெருமையாக.

மற்றவர்கள் வீட்டில் அவர் உப்புத்தாள் போட்டுத்தான் அதைச் செய்தார். அதே உயரம், அதே அகலம்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் கோமளா இறந்துபோனாள். மாரடைப்பு. டாக்டரைக் கூப்பிடப் போனவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் திருஞானம் பூரணியம்மாவிடம் போக ஆரம்பித்தார். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு மடத்தில் இருந்தார் பூரணியம்மா. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். திருஞானத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இருந்தாலும் ஊரே அம்மா என்றது. திருஞானமும் அம்மா என்றார். வியாழக்கிழமைகளில் போவார், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவார்.

வருஷத் திதி நெருங்கியபோது ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

"மடத்துச் சமையலறை இடிஞ்சு கெடக்குதுங்கம்மா. நான் புதுசாக் கட்டித் தரேன். கோமளா பேர்ல. எங்க வீட்டுல இருக்கற மாதிரியே, ஓடு, தரை, அண்டா எல்லாம் அப்படியே. அவ வாழ்ந்த இடம் மாதிரி இன்னொண்ணு இருக்கட்டும்."

பூரணியம்மா வரைபடத்தைப் பாயில் விரித்துப் பார்த்தார். நாலு மூலையிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார்.

"அப்ப ஆரம்பிக்கலாங்களா?"

"திதி என்னைக்கு?"

"வர ஞாயித்துக்கிழமைங்க."

"அன்னைக்கு உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன். நீங்களே சமைக்கணும். துணைக்கு யாரும் வேண்டாம்."

திருஞானத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சமையலறையை அம்மா ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் எத்தனையோ நாளாக நினைத்திருந்தார்.

கோமளா போனதிலிருந்து சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. சமையலறையைத் துடைத்து, பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்து, அப்படியே பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்டாவைத் திறந்தார். காலி.

கொல்லைப்பக்கம் படியிறங்கினால் துவைக்கிற கல், அதன் பக்கத்தில் குழாய். வெளியே தூறல். பித்தளைக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றினார். அண்டாவின் அடியில் போய் நின்றது தண்ணீர். மறுபடி போனார். மறுபடி போனார். அண்டா பாதி நிறைவதற்குள் மூச்சு வாங்கியது.

அரிசி களைந்தார். களைந்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று சுற்றிப் பார்த்தார். உள்ளே அதற்கு இடமில்லை. அவர் வைக்கவில்லை. வெளியே போய் ஊற்றிவிட்டு வந்தார். பருப்புக் கழுவிய தண்ணீருக்கு ஒரு தடவை. காய்க்கு ஒரு தடவை. புளி கரைத்த கையைக் கழுவ ஒரு தடவை. அடுப்பைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அலமாரிக்குள் தலையைக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. மேல்தட்டில் இருந்த மிளகு ஜாடி அவருக்கே எட்டவில்லை. கோமளா அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

சாதம் வேகிற நேரத்தில் அண்டாவில் தண்ணீர் குறைந்துவிட்டது. மறுபடி குடத்தை எடுத்தார். தூறலில் படி வழுக்கியது. இடுப்பில் குடத்தோடு கடைசிப் படியில் காலை வைத்து உள்ளே ஏறும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமலிருக்க நிலைக்காலைப் பிடித்தார்.

கை சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

திருஞானம் அப்படியே நின்றார். குடத்திலிருந்து தண்ணீர் சட்டையில் வழிந்தது. கையை எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். உள்ளங்கை பதிகிற இடம், விரல் வளைகிற இடம், எல்லாம் இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். அவர் எத்தனை வீட்டில் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்.

உள்ளே சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

பூரணியம்மா வந்தபோது மணி ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. திருஞானம் ஈரச் சட்டையோடு கதவைத் திறந்தார். சமையலறையைச் சுற்றிக் காட்டவில்லை. இலை போட்டுப் பரிமாறினார். சாதம் கீழே கருகியிருந்தது, மேலே வேகவில்லை. ரசத்தில் உப்புத் தூக்கலாக இருந்தது. பூரணியம்மா எதையும் ஒதுக்காமல் சாப்பிட்டார்.

இலையை மடித்துவிட்டு, "கை கழுவணும்" என்றார்.

"உக்காருங்கம்மா. கொண்டு வரேன்."

வெளியே போய்ப் பிடித்து வந்து ஊற்றினார். கழுவிய தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஏந்தி எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனார். திரும்பி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கோமளா தினமும் இதைத்தாங்கம்மா செஞ்சிருக்கா."

"ம்."

"மார்கழிப் பனியில எல்லாம்."

பூரணியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஏங்கம்மா ஒண்ணும் சொல்லல?"

"சொல்லலையா?"

திருஞானம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா. உள்ள ஒரு குழாய் மட்டும் வெச்சுக் குடுங்களேன்னு கேட்டா. குழாய் வெச்சா தொட்டி வெக்கணும், பைப்பு தெரியும், இந்த அழகே போயிரும்னேன். வரவங்க பார்க்கற எடம், அண்டா இருந்தாத்தான் லட்சணம்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா. அப்புறம் ரெண்டொரு தடவை கேட்டா. முட்டி வலிக்குதுன்னா. தைலம் வாங்கியாந்து குடுத்தேன்."

"கடைசியா எப்பக் கேட்டாங்க?"

அவர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. பொங்கலுக்கா, அதற்கு முந்தின வருஷமா. ஏதோ ஒரு நாள் அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு மறுநாளிலிருந்து கேட்கவில்லை. அந்த நாள் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கேக்கறத விட்டுட்டாங்கம்மா. அவளுக்கும் இது பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். வரவங்ககிட்ட எல்லாம், 'அவருக்கு இப்படி இருந்தாப் பிடிக்கும்'னு சொல்லுவா. எனக்கும் பிடிக்கும்னு ஒரு நாளும் அவ சொன்னதில்ல. அதை நான் கவனிக்கல."

தூறல் பலத்து ஓட்டில் சத்தம் கேட்டது. பூரணியம்மா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று திருஞானம் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டார்.

எழுந்துபோய் அலமாரியின் மேலிருந்த வரைபடத்தை எடுத்து வந்தார். சட்டைப்பையிலிருந்த பென்சிலால், மடத்துச் சமையலறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டி வரைந்தார். அதன் மேல் ஒரு குழாய். அடுப்பை அலமாரிக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து இடுப்பு உயரத்தில் வைத்தார். மேல்தட்டுகளைக் கோடு போட்டு அடித்தார்.

"சமைக்கறவங்களைக் கேட்டுட்டு மிச்சத்தை வரையறேங்கம்மா. அவ பேர் வேண்டாம். என் பேரும் வேண்டாம்."

"சரி."

"நான் அமைச்சுக் குடுத்த வீடுகளுக்கும் போய்க் கேக்கணும். எத்தனை வீட்டுல அவங்களும் சிரிச்சுட்டு இருக்காங்களோ."

"போங்க."

பூரணியம்மா புறப்பட எழுந்தார். கொல்லைக் கதவுப் பக்கமாகத்தான் செருப்பை விட்டிருந்தார். நிலைக்காலைக் கடக்கும்போது அதைத் தொடாமல் சற்று ஒதுங்கிப் போனார்.

திருஞானம் பின்னாலேயே வந்தார்.

"அம்மா."

அவர் திரும்பினார்.

"நாளைக்கே ஆளைக் கூட்டியாந்து இந்த வீட்டுக்குள்ளயும் ஒண்ணு வெச்சுடறேன். அந்த மூலையிலேயே. அவ கேட்ட எடத்துலயே." அண்டா இருந்த மூலையைக் காட்டினார். "இப்ப நான் குழாய் வெச்சா... என்னங்கம்மா ஆகும்?"

பூரணியம்மா கறுப்பு வெள்ளைத் தரையைத் தாண்டி அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"தண்ணி வரும், திருஞானம்" என்றார்.