குயில் பாட்டு இறங்காமல் போன கதை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்தச் சுரத்தில் கிளம்பினாலும், எவ்வளவு உயரம் ஏறினாலும், கடைசியில் கிளம்பிய சுரத்துக்கே இறங்கி வந்து உட்கார வேண்டும். அதுவரை கேட்கிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது. பாதிப் பாட்டில் எழுந்தவர் வீட்டில் முட்டை பொரிக்காது என்று ஒரு பயம்.

ஆண் குயிலுக்குப் பாடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. பங்குனியில் கட்டவேண்டிய கூட்டைச் சித்திரைக்குத் தள்ளினான், சித்திரையில் வைகாசிக்குத் தள்ளினான். வைகாசியில் ஒரு காலை அவன் மனைவி புள்ளிக்குயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முட்டை இப்பவே வருது. எங்க வைக்கட்டும், உன் தொண்டையிலயா?"

எதிர் இலுப்பை மரத்தில் காக்கையம்மாளின் கூடு இருந்தது. சுள்ளி, தென்னை நார், எங்கோ திருடிய துடைப்பக்குச்சி எல்லாம் வைத்து முறையாகக் கட்டிய கூடு. குயில் அதைப் பார்த்தான். புள்ளியும் பார்த்தாள்.

புதுப் பாட்டு கட்டியிருப்பதாகவும், அத்தை கேட்டுச் சரி என்றால்தான் ஊருக்குப் பாடப்போவதாகவும் அவன் காக்கையம்மாளிடம் போய்ச் சொன்னான். பாட்டைப் பற்றி அவளிடம் அதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. முட்டைகளை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்துக்கே வந்துவிட்டாள்.

குயில் கீழே பிடித்து மேலே மேலே ஏறினான். உச்சிக்குப் போய் இறங்கப் பார்த்தால், கூட்டுக்கு வெளியே புள்ளியின் வால் தெரிந்தது. இன்னும் ஆகவில்லை. இப்போது இறங்கினால் பாட்டு முடியும், காக்கை எழுந்துவிடுவாள், முட்டையும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு.

உச்சியிலேயே வாயை மூடிக்கொண்டான்.

காக்கையம்மாள் காத்திருந்தாள். "இறங்கு தம்பி."

"தடம் தப்பிப்போச்சு அத்தை. முதல்லேர்ந்து வர்றேன்."

மறுபடி ஏறினான், மறுபடி நிறுத்தினான். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். அதற்குள் புள்ளி வேலையை முடித்துக்கொண்டு பறந்தாள். அவளைக் கண்டதும் இவனும் பாட்டை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

காக்கையம்மாள் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். முட்டை ஆறிவிடுமே என்று கடைசியில் வேறு வழியில்லாமல் எழுந்து போனாள். பாதிப் பாட்டில் எழுந்தோமே என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால், வாய் சிவந்த ஒரு குஞ்சு பொரித்து விசித்திரக் குரலில் கத்தியபோது, யார் சாயல் என்று ஆராயவில்லை. பொரித்ததே பெரிது என்று ஊட்டி வளர்த்தாள்.

அன்று முதல்தான் குயில் பாட்டு ஏறிப்போய் உச்சியில் அறுந்து நிற்கிறது. குயிலைக் கண்டால் காக்கை துரத்துகிறது. முட்டை விஷயம் அதற்கு இன்னும் தெரியாது. பாக்கிப் பாட்டைப் பாடிவிட்டுப் போ என்றுதான் துரத்துகிறது.