நாற்பத்தோராம் பக்கத்தின் பின்புறம்

இது ஓர் ஆவணக் காப்பகத்தில் நடந்தது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கண்டுபிடிப்பீர்கள், தெருவைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடிப்பீர்கள். பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் தமயந்தி, வயது நாற்பத்தொன்று. சீடர் ஏகாம்பரத்துக்கு வயது அறுபது. நீதிமன்றத்தில் முப்பது வருடம் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். குருவும் சீடரும் இப்படியா கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று கேட்டால், நம் ஊர் அலுவலகங்களில் இப்படித்தான்.

அந்த வருடம் மூடப்பட்ட தொழுநோய் மருத்துவமனை ஒன்றின் பதிவேடுகள் சாக்குமூட்டைகளில் வந்து சேர்ந்தன. ஈரத்தில் ஊறி வெயிலில் காய்ந்த காகிதம். ஒருமுறை திருப்பினால் மறுமுறை திருப்ப முடியாது, கையோடு உதிர்ந்துவிடும். ஏகாம்பரம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார். முன்பக்க விவரங்களை வெளியாட்கள் தட்டச்சு செய்து தந்தார்கள். தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த எழுத்துகளைப் படங்களுக்கு அடியில் கோர்த்தார்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும் என்று ஏகாம்பரம் ஒற்றைக் காலில் நின்றார்.

"யாரும் பார்க்காம வெச்சிருக்கறதுக்கு எதுக்கு மேடம் ஒரு காப்பகம்? பூட்டின பீரோ போதுமே."

"பேரெல்லாம் இருக்கே சார்."

"மறைச்சிடறேன் மேடம்."

மறைத்தார். ஒவ்வொரு பெயரின் மேலும் கறுப்புப் பட்டை இழுத்தார். நாலாயிரம் பக்கம், மூன்று மாத வேலை. தமயந்தி சில பக்கங்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதிவேடு இணையத்துக்குப் போனது.

ஐந்தாம் வாரம் ஒரு அம்மாள் வந்தார். எழுபத்தொரு வயது. இடது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தார். பெயர் குருவம்மாள்.

"எம்பேரை எடுத்துடுங்க சார்" என்றார்.

ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. அந்த அம்மாளே சொன்னார். அவர் தெருமுனையில் இட்லி போட்டு விற்கிறவர். முப்பத்திரண்டு வருடமாக அதே இடம். எதிர்வீட்டில் யாரோ தங்கள் சொந்த ஊரின் பெயரைப் போட்டு எதையோ தேடியிருக்கிறார்கள். குருவம்மாள் பிறந்ததும் அதே ஊர். காப்பகத்தின் பக்கம் வந்திருக்கிறது. கறுப்புப் பட்டை போட்ட வரியை அப்படியே எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். குருவம்மாள், தகப்பன் பெயர், ஊர், வியாதி, எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது.

"எனக்கு வியாதி போயி அம்பது வருசமாச்சு சார். கையி மட்டும் இப்படி. அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லி வெச்சிருந்தேன். நேத்து ஒரு இட்லி போகல. எல்லாத்தையும் மாட்டுக்கு வெச்சேன். இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல."

ஏகாம்பரம் கணினியைத் திறந்தார். பட்டை போட்ட இடத்தை இழுத்துப் பிடித்து ஒட்டினார். பெயர் வந்தது. படத்தை மட்டும்தான் மூடியிருக்கிறார், அடியில் கோர்த்த எழுத்து அப்படியே இருந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பில் நாலாயிரம் பக்கத்தையும் இப்படித்தான் மறைத்திருக்கிறார். தமயந்தியைக் கூப்பிட்டார்.

தமயந்தி வந்து நின்று பார்த்தார். முதலில் மொத்தப் பதிவேட்டையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். பிறகு குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

"தப்பு எங்க மேலதாம்மா. கையெழுத்துப் போட்டது நான்."

"தப்பு யாரு மேலன்னு கேக்க வரல தாயி. எம்பேரு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

ஏகாம்பரம் எழுந்து நின்றார்.

"இணையத்துல இருந்து எடுத்தா போதாது மேடம். அழிச்சிடலாம். தன்னைப் பத்தின தகவலை அழிக்கச் சொல்ல இவங்களுக்குச் சட்டத்துல உரிமை இருக்கு."

"நம்ம மாதிரி காப்பகத்துக்கு வெச்சுக்க விலக்கும் இருக்கே சார்."

"இருக்கு. அந்த விலக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க எனக்கு மனசு வரல."

குற்ற உணர்ச்சியில் பேசினார். ஆனால் மனதிலிருந்து பேசினார்.

அந்தக் காப்பகத்தில் எதை அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தமயந்தி கொண்டுவந்தது. அழிக்கப்போகும் பதிவை அழிக்கிறவர் முழுவதும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். பிறகு இருவரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இங்கே இருப்பது, அலமாரியில் உள்ள வட்டில் இருப்பது, வேறு ஊரில் பத்திரமாக இருப்பது, மூன்று பிரதிகளும் அதன்பிறகுதான் போகும். காகிதம் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதால், மூன்றும் போனால் அவ்வளவுதான்.

தமயந்தி படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. கேக்கற ஆள் இன்னிக்கு நீங்கதான்."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தாயி."

"கேட்டா போதும்."

ஏகாம்பரம் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"குருவம்மாள். வயது பதினாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, ஆனி மாதம் சேர்க்கை. கொண்டுவந்து சேர்த்தவர் அண்ணன். இடது கையில் உணர்ச்சி இல்லை."

"ஆமா. சரிதான்" என்றார் குருவம்மாள், யாரோ சாட்சி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல்.

"முடிஞ்சுது மேடம்."

"பின்பக்கம்?"

பின்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. ஸ்கேன் செய்திருந்தார், அவ்வளவுதான். தட்டச்சு செய்தவர்களும் அதைத் தொடவில்லை. அங்கே பென்சிலில் நெருக்கமாகச் சில வரிகள் இருந்தன. மேலே 'வாசல் காவல்' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஏகாம்பரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆடி மூன்று. தாய் வந்தார். அனுமதி இல்லை. ஆடி பதினேழு. தாய் வந்தார். அனுமதி இல்லை. முறுக்குப் பொட்டலம் திருப்பித் தரப்பட்டது. ஆவணி ஒன்பது..."

"நிறுத்துங்க" என்றார் குருவம்மாள்.

ஏகாம்பரம் நிறுத்தினார்.

"யாரு வந்தது?"

"தாய்னு போட்டிருக்கும்மா."

"எங்க ஆத்தாளா?"

ஏகாம்பரம் தலையசைத்தார்.

"எங்க ஆத்தா வரவே இல்ல சார். ஆறு வருசம் உள்ள கெடந்தேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. குணமாயி வீட்டுக்குப் போனா, ஆத்தா செத்து அஞ்சு வருசம்னாரு அண்ணன். உன்னைத் தலைமுழுகிட்டுத்தான் செத்தான்னாரு. அன்னிக்குத் திரும்பி நடந்தவதான்."

"படிக்கட்டுமாம்மா?"

"படிங்க."

"ஆவணி ஒன்பது. தாய் வந்தார். அனுமதி இல்லை. ஐப்பசி நான்கு. தாய் வந்தார். மழை. வேப்பமரத்தடியில் நின்றார். அனுமதி இல்லை. கார்த்திகை இருபது. தாய் வந்தார். மகள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறாள் என்று கேட்டார். காட்டினேன். மாலை பஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்."

ஏகாம்பரம் நீதிமன்றத்தில் எத்தனையோ வாக்குமூலங்களைக் கண் கலங்காமல் படித்த மனிதர். இதைப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கடைசி வரி மறு வருடம் மாசியில் முடிந்திருந்தது.

"எத்தனை தடவை சார்?"

ஏகாம்பரம் விரலை வைத்து எண்ணினார்.

"பத்தொன்பது தடவைம்மா."

குருவம்மாள் முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். மறைக்க மறந்துவிட்டார். வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றார்.

ஏகாம்பரம் முதலிலிருந்து படித்தார்.

படித்து முடித்தபோது படிவம் அப்படியே கிடந்தது. தமயந்தி பேனாவை நீட்டவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"இதை அழிச்சா எங்க ஆத்தா வந்தது எங்க இருக்கும்?" என்று கேட்டார் குருவம்மாள்.

"எங்கயும் இருக்காதும்மா."

"அழிக்காதீங்க. ஆனா ஊரு பாக்கக் கூடாது."

"சரிம்மா."

"நான் இருக்கறவரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க. இருக்குன்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க. எனக்குத் தோணினா வருவேன். இந்த சாரு படிச்சுக் காட்டட்டும்."

தமயந்தி வேறொரு படிவத்தை எடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினார். குருவம்மாள் கைநாட்டு வைத்தார்.

அவர் போனபின் ஏகாம்பரம் வெகுநேரம் அந்தப் பென்சில் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுமதி இல்லைன்னு துரத்தினவரே எதுக்கு மேடம் இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கார்? யார் வந்தாலும் எழுதணும்னு விதி இருந்திருக்குமோ?"

"வந்தார்ங்கற வரைக்கும் விதி கேட்டிருக்கும் சார். மழையில மரத்தடியில நின்னதை எழுதச் சொல்லியிருக்காது."



அடுத்த நான்கு மாதம் ஏகாம்பரம் அந்த நாலாயிரம் பக்கங்களையும் உட்கார்ந்து படித்தார். இணையத்துக்கான பிரதியிலிருந்து பெயர்களை அடியோடு எடுத்தார். காலையில் வேலைக்கு வரும் வழியில் குருவம்மாள் அடுப்பருகே நின்று நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். அவருடைய நாலு இட்லியால் ஊர் வாயை மூட முடியாது என்று அவருக்கும் தெரியும். விட்டுப்போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. குருவம்மாள் அடுப்பை அணைக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம், காப்பகத்தின் விசாரணை ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். வெளியூர். கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாள். ஏகாம்பரம்தான் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தாத்தா போன மாசம் தவறிட்டார் சார். சாகறதுக்கு முன்னாடி, தனக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்கன்னு சொன்னார். தொழுநோய் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுட்டாராம். திரும்பி வந்தப்போ பொய் சொல்லி அனுப்பிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவங்க பேர் குருவம்மாள். அந்த ஆஸ்பத்திரிப் பதிவேடு இங்கதான் இருக்குன்னாங்க."

இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அந்த அம்மாள் சாயந்திரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பார்.

"அந்தப் பதிவேட்டுல யார் இருக்காங்க, யார் இல்லைன்னு நாங்க சொல்றதில்லைம்மா."

"உயிரோட இருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"அதுவும் முடியாதும்மா."

"பேரைக்கூடப் பார்க்க முடியாதா?"

"அனுமதி இல்லைம்மா."

சொன்ன பிறகுதான், என்ன வார்த்தை சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. அந்தப் பெண் சீட்டை மடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஏகாம்பரம் தமயந்தியின் அறைக்குப் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சட்டப்படி சரியாத்தான் செஞ்சேன் மேடம். குருவம்மாளுக்குக் கொடுத்த வாக்குப்படியும் சரியாத்தான் செஞ்சேன். ஆனா அந்த வாசல் காவல்காரர் எழுதின அதே வார்த்தையைச் சொல்லிட்டேன். நான் வேற என்னதான் சொல்லியிருக்கணும்?"

"நீங்க சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன் சார்."

"அந்தப் பொண்ணு இன்னும் போகல. வராந்தா பெஞ்சுல உக்காந்திருக்கு. அஞ்சரை பஸ்ஸுக்காம்."

தமயந்தி கையிலிருந்த வேலையை நிறுத்தினார். ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தார்.

"வந்தாங்கன்னு எழுதி வெச்சீங்களா சார்?"