கலியபெருமாள் கரும்பும் அஞ்சலாட்சி சத்தியமும்

தீர்ப்புச் சொல்லும் ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசை உள்ளவர்கள் இந்தக் கதையை நிதானமாகப் படியுங்கள். அவசரப்பட்டால் தப்பாகத்தான் சொல்வீர்கள். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

சர்க்கரை ஆலைக்குக் கிழக்கே, ஓடைக்கரையில் ஒரு கூட்டுக் கிணறு. பங்கு இரண்டே பேருக்கு: கலியபெருமாள், அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி அஞ்சலாட்சி. ஒருநாள் அவர் முறை, மறுநாள் இவள் முறை. முறைக்காரர் சம்மதமில்லாமல் மற்றவர் கிணற்றில் வாளியை விடமாட்டார். இருவரும் முகம் பார்த்துப் பேசாமல் இருந்த காலத்திலும் அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை.

கரும்பு அரைக்கிற மாதங்களில் ஆலை தன் கழிவையெல்லாம் ஓடையில் விட்டது. ஓடை கறுத்து, மீன் செத்து மிதந்தது. பிறகு கிணற்றுத் தண்ணீரும் பழுப்பேறியது. அஞ்சலாட்சியின் பசு செத்த கன்றைப் போட்டது. அவள் மகள் வெண்ணிலாவுக்கு முழங்காலுக்குக் கீழே புண். ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது. வயிற்றுவலி வேறு. கலியபெருமாள் வீட்டில் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார்கள். அஞ்சலாட்சிக்கு அது கட்டுப்படியாகவில்லை. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பாள். கசடு அடியில் தங்கிவிடும், மேலே தண்ணீர் பளிச்சென்று நிற்கும். வாடை மட்டும் போகாது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அந்த ஊரே நம்பியது. அவளும் நம்பினாள், அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டாள். வேறு வழி இருந்தால்தானே!

மகளின் காலைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் ஆலைமேல் மனுப் போட்டாள். விஷயம் எட்டியதும் கலியபெருமாள் ஓடி வந்தார்.

"அஞ்சல, எங் கரும்பு ஆலையோட வெட்டு உத்தரவுக்குக் காத்துக்கிட்டு நிக்கிது. இப்ப ஆலைய மூடுனா அது அடுப்பெரிக்கத்தான் ஆவும். பொண்ணு வேற பிரசவத்துக்கு வரப் போறா. கரும்பு போயிடட்டும், அப்பறம் நீ யாருகிட்ட வேணா தண்ணியச் சோதிக்கக் குடு."

தம்பி செத்த பிறகு ஒரு போகம் முழுக்கக் கூலி வாங்காமல் அவள் நிலத்தை உழுது கொடுத்தவர் அவர். அந்த நன்றி அவள் வாயை அடைத்தது. ஆனால் அவர் வாய்வார்த்தையோடு விடவில்லை. அய்யனார் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கற்பூரம் ஏற்றினார். அவள் அதைக் கையால் அணைத்துச் சொன்னாள்: "மாமா கரும்பு ஆலைக்குப் போற வரைக்கும் இந்தக் கிணத்துத் தண்ணிய எங் கையால யாருக்கும் குடுக்க மாட்டேன்."

வெட்டு உத்தரவுக்கு முன்னால் நீர்ச் சோதனை அதிகாரி வந்துவிட்டார். ஆலைக்காரர்கள் அதற்குள் கழிவு வரும் மதகை அடைத்துவிட்டதால் ஓடைத் தண்ணீரில் குற்றம் காண வழியில்லை. கிணறு ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு அஞ்சலாட்சியின் முறை.

"குடுக்க முடியாது சார்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மனுப் போட்டவளே இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? பாட்டிலைப் பைக்குள் வைத்தார். வேலியோரம் நின்ற கலியபெருமாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. மறுநாள் வருவதாக இருந்த கலியபெருமாளின் மகள் மங்கையர்க்கரசி, வளைகாப்பு வளையல்கள் குலுங்க, எட்டு மாத வயிற்றோடு இறங்கினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். அங்கே அஞ்சலாட்சியின் பானையில் தண்ணீர் தெளிந்து நின்றது.

"சித்தி, நாக்கு வறளுது. ஒரு சொம்பு குடுங்க. நம்ம கிணத்துத் தண்ணி குடிச்சி எத்தினி நாளாச்சி!"

அஞ்சலாட்சியின் கை சொம்புவரைக்கும் போய் நின்றுவிட்டது.

"நா குடுக்கக் கூடாதும்மா. யாருக்கும் குடுக்க மாட்டேன்னு உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். அவரு குடுன்னா குடுக்கறேன்."

கிளம்பப்போன அதிகாரி திரும்பிப் பார்த்தார். மங்கையர்க்கரசி அதை விளையாட்டென்று நினைத்துக்கொண்டு, "சொல்லுப்பா" என்றாள்.

கலியபெருமாள் தன் கரும்பைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். தம்பி செத்தபோதுகூட நாலு பேர் முன்னால் கண் கலங்காத மனிதர், அன்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எம் பொண்ணுக்குக் குடுக்காத" என்றார். "அந்த சாருக்குக் குடு."

சோதனை முடிவு வந்தது, ஆலை மூடப்பட்டது. கலியபெருமாளின் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்து சக்கையானது. நன்றிகெட்டவள், நேரம் பார்த்துச் சத்தியத்தை உடைத்துவிட்டாள் என்று ஊரில் பலர் அவளைத் தூற்றினார்கள். சத்தியம் வாங்கினவரே விட்டுக்கொடுத்த பிறகு உடைவதெங்கே என்று சிலர் அவளுக்காகப் பரிந்து பேசினார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். அய்யனார் முன்னால் செய்த சத்தியம் உடைந்ததா? உடைந்தது என்றால் எப்போது, யாரால்?

விடை: உடைந்தது. உடைத்தவள் அஞ்சலாட்சிதான். ஆனால் அதிகாரிக்குக் கொடுத்தபோது அல்ல; அது கலியபெருமாளே கொடுக்கச் சொன்னது. கோயிலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே, கையில் கற்பூர வாசம் போவதற்கு முன்பே, அதே கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அவள் தன் மகளுக்குக் கொடுத்தாள். அடுத்த நாளும் கொடுத்தாள். தினமும் கொடுத்தாள். 'யாருக்கும்' என்றபோது சத்தியம் வாங்கினவருக்கும் வெண்ணிலா நினைவுக்கு வரவில்லை, செய்தவளுக்கும் வரவில்லை, தூற்றிய ஊருக்கும் வரவில்லை. உங்களுக்கு வந்தாளா?