ராசாவோட தலைவலிய எறக்கி வச்ச எடம்

ராசா கதைன்னு சொன்னதும் நிமிந்து உக்காந்துட்டீங்க. இப்ப இளவரசி வருவா, ஏழு கடல் வரும், கிளிக்குள்ள உசிரு இருக்கும்னு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க. மூடுங்க வாய. இது மூக்கால மூச்சு விடுறவங்களுக்கான கதை.

அந்தக் காலத்துல நீலங்குடிச் சீமைய வச்சிரபூபதின்னு ஒருத்தரு ஆண்டாரு. தலைவலி இல்லாத நேரத்துல நல்ல மனுசன். ஆனா அந்த நேரத்தப் பாத்தவங்க கம்மி. காலையில சபைக்கு வந்து ஒரு நாழிகை ஆனா போதும், ரெண்டு புருவத்துக்கும் நடுவுல ஆணி எறங்கும். கன்னத்து எலும்பு கனக்கும். குனிஞ்சா மண்டைக்குள்ள தண்ணிக்கொடம் உருளும். மூக்கு ஒழுகும், சிந்த முடியாது. ராசா சபையில மூக்கு சிந்தினா சீமைக்கு ஆகாதுன்னு அங்க ஒரு வழக்கம். அதனால 'சர்ர்'னு உள்ள இழுத்துக்குவாரு. அவரு இழுத்தா, மரியாதைக்குச் சபையே கூடச் சேந்து இழுக்கும்.

அந்தச் சபைக்குத் தூபம் போடுறவன் மல்லையன். சன்னலெல்லாம் அடைச்ச மண்டபத்துல அகிலும் சாம்பிராணியும் கூடை கூடையாக் கொட்டுவான். "வலிப்பேய் பொகைக்குத்தான் பயப்படும் மகாராசா"ம்பான். வலி கூடக் கூடப் பொகையும் கூடும். போட்டுட்டு அவன் மட்டும் பின்வாசல் வழியா நழுவிருவான்.

ஒரு வைத்தியரு, "சாமி, இந்தப் பொகைதான் காரணம்"னு சொன்னாரு.

"கொலதெய்வத்துக்குப் போடுற தூபத்தையா குத்தம் சொல்ற?"ன்னு மல்லையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வைத்தியரு செறைக்குப் போயிட்டாரு.

மந்திரி திருமேனிக்கும் அதே தலைவலிதான். வேட்டைக்குக் காட்டுப்பக்கம் போற அன்னைக்கு மட்டும் அது காணாமப் போயிரும். அதனால காரணம் அவருக்குத் தெரியும். வாயத் தொறந்தா வைத்தியருக்குப் பக்கத்து அறைங்கிறதும் தெரியும்.

ஒரு சித்திரைக் காலையில ராசா கண்ணத் தொறக்க முடியாம சிம்மாசனத்துல சாஞ்சு கெடந்தாரு. மல்லையன் மெல்லக் கிட்டப் போனான். "மகாராசா, உங்களுக்கு வந்த கஷ்டம் மந்திரியாருக்கு வெளயாட்டாப் போச்சு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மனுசன், உங்க வலிக்கு மட்டும் வழிய ஒளிச்சு வச்சிருக்காரு."

ராசா ஒத்தக் கண்ணத் தொறந்தாரு. "திருமேனி, இன்னைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள என் வலி போகணும். போகலேன்னா உன் தலை போகும்." தூணு மறவுல நின்ன ஆளு அரிவாளோட முன்னால வந்தான்.

திருமேனி அரிவாளையும் பாத்தாரு, பொகையையும் பாத்தாரு.

"போக்கிடலாம் மகாராசா. ஆனா வலிய அந்தரத்துல விட முடியாது. எடுத்தா இன்னொரு மண்டையில எறக்கி வைக்கணும். இப்ப துளிக்கூட வலி இல்லாத தலை ஒண்ணு வேணும்."

சேனாபதிதான் மொதல்ல எந்திரிச்சாரு. "என் தலை ஆகாது மந்திரியாரே. மூணு வருசமா எனக்கும் புருவத்துல வலி." புலவரு, "எனக்குக் கன்னத்துல"ன்னாரு. கணக்கரு, "எனக்கு ரெண்டுலயும்"னாரு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள நாப்பது பேரு.

"இத்தன பேருக்கா?"ன்னு கேட்ட ராசா, அப்படியே மல்லையனப் பாத்தாரு. "உனக்கு?"

மல்லையன் முழிச்சான். வலிக்குதுன்னா தூபத்துக்குக் கெட்ட பேரு. வலிக்கலேன்னா தலைக்கு ஆபத்து. வாழ்நாளெல்லாம் வளத்த கர்வம் முந்திக்கிச்சு. "தூபம் தொட்ட கை மகாராசா. எனக்கு வலின்னா என்னன்னே தெரியாது."

"அப்ப கெடச்சிருச்சு தலை"ன்னாரு திருமேனி. "இவரு மண்டபத்துக்குள்ள தூபக்காலுக்குப் பக்கத்துல உக்காரணும். பின்வாசல் உட்பட எல்லாக் கதவும் சாத்தணும். மகாராசாவும் சபையும் வெளிமுற்றத்துக்கு வரணும்."

வெளியில திருமேனி ராசாவப் போர்வைக்குள்ள உக்கார வச்சு, கொதிக்கிற தண்ணியில நொச்சி எலையப் போட்டு ஆவி பிடிக்க வச்சாரு. போர்வைக்குள்ளயிருந்து குரல் வந்துச்சு. "மூக்கு ஒழுகுதுய்யா."

"சிந்துங்க மகாராசா. இது சபை இல்ல, வெளிமுற்றம்."

அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, லாயத்துல குதிரை கயித்த அறுத்துக்கிச்சு.

வெந்நி குடிக்கக் குடுத்தாங்க. வெயிலு ஏறிக்கிட்டே இருந்துச்சு. அரிவாள்காரன் தன்னோட நெழல அடியால அளந்துக்கிட்டு நின்னான். ஒரு அடி ஆச்சு. அரை அடி ஆச்சு. திருமேனி இன்னொரு கை நொச்சி எலைய அள்ளித் தண்ணியில போட்டாரு.

ராசா போர்வைய விலக்கினாரு. மெதுவாக் குனிஞ்சு பாத்தாரு. இன்னொரு தடவ குனிஞ்சாரு.

"கொடம் உருளல"ன்னாரு.

அதே நேரத்துல மண்டபக் கதவ உள்ளயிருந்து படபடன்னு தட்டுற சத்தம். தொறந்தா மல்லையன், ரெண்டு கையாலயும் புருவத்த அமுத்திக்கிட்டு. "எறக்கிட்டாரு மகாராசா. மந்திரி எம் மண்டையில எறக்கிட்டாரு."

"நான் எதையும் எறக்கலய்யா"ன்னாரு திருமேனி. "நாப்பது பேரு தெனமும் இழுக்குற பொகைய நீ இன்னைக்குத்தான் இழுத்திருக்க. மகாராசா, தூபம் கோயில்ல ஒரு சிட்டிகை போதும். ஆளு இருக்குற எடத்துக்குக் காத்து வேணும். சளிய உள்ள இழுக்காம சிந்திரணும். மூக்கு அடைக்க ஆரம்பிச்ச அன்னைக்கே ஆவி பிடிச்சா ஆணி எறங்காது."

ராசா கழுத்துச் சரத்தக் கழட்டித் திருமேனிக்குப் போட்டாரு. வைத்தியர விடச் சொன்னாரு. மல்லையன, மாட்டுக் கொட்டாயில கொசுவுக்கு மூட்டம் போடுற வேலைக்கு அனுப்புனாரு. அப்புறம் மண்டபத்த அண்ணாந்து பாத்தாரு.

"இத்தன சன்னலையும் அடைச்சு வச்ச முட்டாப்பய யாரு?"

திருமேனி தரையப் பாத்தாரு. வாசல் காவக்காரன் இருளாண்டி மட்டும் ஈட்டிய ஊணிக்கிட்டு வெள்ளந்தியாச் சொன்னான்:

"நீங்கதான் சாமி. பஞ்சத்துல சனங்க வாசல்ல நின்னு கஞ்சி கஞ்சின்னு அழுதப்ப, சத்தம் கேக்குதுன்னு அடைக்கச் சொன்னீங்க."