கயற்கண்ணி ஏறாத விமானம்

மேகங்களை ஆராயும் பேராசிரியர் சிவகாமசுந்தரியின் பல்கலைக்கழகத்தில் அந்த வருஷம் மழையைவிடச் சண்டை அதிகம். பருவநிலையைப் படிக்கிறவர்கள் கருத்தரங்குக்கு விமானத்தில் பறக்கலாமா? கூடவே கூடாது என்றது ஒரு கட்சி. பறக்காமல் உலகத்தோடு எப்படிப் பேசுவது என்றது இன்னொன்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து குவிந்தார்கள்.

கூடாது கட்சிக்குத் தலைவன் அறவாழி. சிவகாமசுந்தரியின் மாணவன்; படித்த இடத்திலேயே ஆசிரியரானவன். தன் கட்சிக்காரர்களை மேடையேற்றி, இனி விமானம் ஏறுவதில்லை என்று சபதம் எடுக்க வைத்தவன். குருவோ ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. அது அவனுக்கு முள்ளாய்க் குத்தியது.

"நாளைக்குக் கடைசி விவாதம், அம்மா. நீங்க பேசினா ஜெயிச்சிடுவோம்."

"கயற்கண்ணி வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போறேன். வர்றியா?"

கயற்கண்ணி அவனோடு சபதம் எடுத்த சக ஆசிரியை. அஸ்ஸாமில் அண்ணன் வீட்டிலிருந்த அப்பாவுக்கு முடியவில்லை என்று சேதி வந்ததும் ரயிலேறிப் போனவள். அதை மேடையில் சொன்னால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும் என்று அறவாழி முன்பே கணக்குப் போட்டிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினான்.

கயற்கண்ணி பாயில் உட்கார்ந்திருந்தாள். குரு பக்கத்தில் அமர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அறவாழிக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஆறுதல் என்று நினைத்தே சொன்னான், பாவி.

"எப்படியோ, சபதத்தைக் காப்பாத்திட்டீங்க."

"ஆமா சார். நான் போய் இறங்குறதுக்குள்ள எரிச்சிட்டாங்க. அப்பா முகம் பாக்கக் குடுத்து வைக்கல."

அவளே தொடர்ந்தாள்.

"காலையில உங்க எதிர்த்தரப்புக்காரங்க வந்தாங்க. இதை மேடையில வந்து சொல்லச் சொன்னாங்க."

அறவாழி தான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இழவு வீட்டு வழக்கப்படி இருவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தார்கள். தெருமுனைக்கு வந்ததும் அறவாழி கேட்டான்.

"அம்மா, அவங்க ரயில்ல போனது சரியா, தப்பா? இப்பவாவது சொல்லுங்க."

"அவ கேட்டா சொல்லுவேன்."

"எனக்குச் சொல்லுங்க, அம்மா."

"உனக்கு எதுக்குப்பா? நாளைக்கு மேடைக்கா?"